பக் நாயின் குறட்டை செல்லமா, சிக்கலா? மூச்சுப்பாதைக்குள் கேமரா எதைப் பார்க்கிறது?

"பக்னா அப்படித்தான்ப்பா, குறட்டை விடும்." பக், பிரெஞ்ச் புல்டாக், ஷிட்சூ வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சோபாவில் மல்லாந்து படுத்து 'கர்ர்... கர்ர்' என்று தூங்கும் நாயை வீடியோ எடுத்து ரீல்ஸில் போட்டால் லைக்ஸ் குவியும். அதே வீடியோவை ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினால், அவர் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்பார்: "காற்று எங்கே மாட்டுது?"

சுலபமான கேள்வி மாதிரி தெரியும். பதில் சொல்வது கஷ்டம். மூக்கு நுனியில் தொடங்கி நுரையீரல் வரை நீளும் பாதையில் எந்த இடம் அடைத்தாலும் சத்தம் வரும், இருமல் வரும், மூச்சு இரைக்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அண்ணம் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. அங்கேதான் எண்டோஸ்கோப் தேவைப்படுகிறது. ஒரு முனையில் விளக்கும் கேமராவும் கொண்ட மெல்லிய குழாயை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே செலுத்தி, மூச்சுப்பாதையை நேரடியாகத் திரையில் பார்க்கும் பரிசோதனை இது.

மனிதர்களுக்குச் செய்யும் அதே பரிசோதனைதான். ஆனால், நாயும் பூனையும் "கொஞ்சம் அசையாம இருங்க" என்றால் கேட்காது. அதனால் மயக்க மருந்து தேவை. மூச்சு விடவே சிரமப்படும் பிராணிக்கு மயக்க மருந்தா என்ற பயம் எல்லோருக்கும் வரும். எப்போது இந்த ரிஸ்க் எடுக்க வேண்டும், எப்போது வேண்டாம்? விரிவாகப் பார்க்கலாம்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். தூங்கும்போது குறட்டை என்றால் மூக்கிலோ, மூக்கும் தொண்டையும் சேரும் இடத்திலோ தடை இருக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கடினமான சத்தம் வந்தால் குரல்வளை மீது சந்தேகம் வரும். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் மூச்சுக்குழாயைக் கைகாட்டும். மூச்சை வெளியே விடும்போது வீசிங் மாதிரி கேட்டால், நுரையீரலுக்குள் பிரியும் சின்னக் கிளைகளில் பிரச்சினை இருக்கலாம்.

ஆனால் இவை வெறும் தடயங்கள். ஒரே நாய்க்கு இரண்டு, மூன்று இடங்களில் தடை இருப்பது சகஜம். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைத்துவிடும். இருமலுக்குக் காரணம் இதயமாகக்கூட இருக்கலாம்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முதலில் எடுக்க வேண்டியது அதுதான். நிமோனியா, பெரிதான இதயம், நுரையீரல் கட்டி போன்றவற்றை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். அதன் குறை என்னவென்றால், அது ஒரு நொடியின் போட்டோ. மூச்சுப்பாதையோ ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கும் உறுப்பு. இருமும்போது மட்டும் மடங்கும் குழாய், படம் எடுத்த நொடியில் நன்றாகத் திறந்திருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். ஸ்கோப் காட்டுவது வீடியோ. உள்ளே எது அசைகிறது, எது அசைய மறுக்கிறது, எது அசையக் கூடாத நேரத்தில் அசைகிறது என்பதை அதில் பார்க்க முடியும்.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது?

1897-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுப்பாதையில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை நேரான உலோகக் குழாய் ஒன்றின் வழியாக எடுத்தார். மூச்சுக்குழாய்ப் பரிசோதனையின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். நேரான குழாய் என்பதால் வளைவுகளில் அதைத் திருப்ப முடியாது.

வளையும் குழாய்க்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் இந்தியர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கபானி, 1954-ல் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்ற ஆய்வை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இழைக் கற்றையை எப்படி வளைத்தாலும் ஒளி அதனூடே பயணிக்கும். 1960-களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகேடோ இக்கேடா, இந்த முறையில் வளையும் மூச்சுக்குழாய் ஸ்கோப்பை உருவாக்கினார். இப்போது இழைகளுக்குப் பதில் பல கருவிகளின் நுனியிலேயே குட்டிக் கேமரா உட்கார்ந்திருக்கிறது.

கால்நடை மருத்துவத்தில் இரண்டு வகையும் உண்டு. மூக்கின் முன்பகுதியைப் பார்க்க நேரான, வளையாத ஸ்கோப். மூச்சுக்குழாய், அதன் கிளைகள், மூக்கின் பின்பகுதி ஆகியவற்றுக்கு வளையும் ஸ்கோப். குட்டி நாய்க்கும் பூனைக்கும் சில மில்லிமீட்டர் விட்டமே கொண்ட மெல்லிய ஸ்கோப் வேண்டும். குழந்தைகளுக்காகத் தயாரித்த கருவிகளையே பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். உள்ளே சின்ன இடுக்கியை நுழைத்துச் சதைத் துண்டு எடுக்கவும், மாட்டிய பொருளை வெளியே இழுக்கவும், சளி மாதிரியை உறிஞ்சவும் இதே ஸ்கோப்பில் வழி இருக்கிறது.

முகம் குட்டையானது, உள்ளே சதை குறையவில்லை

2003-ல் ஹட்ச் மொபைல் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை மறக்க முடியாது. அதன்பிறகு இந்திய நகரங்களில் பக் நாய்க்குக் கிராக்கி கூடியது. இன்று அந்த இடத்தைப் பிரெஞ்ச் புல்டாக்கும் ஷிட்சூவும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இந்த இனங்களின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கிக் கொண்டே வந்தார்கள். எலும்பு குட்டையானது. ஆனால் மூக்குக்குள் இருக்கும் மடிப்புகள், மென் அண்ணம், நாக்கு ஆகியவை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. பெரிய வீட்டுச் சாமான்களைச் சின்ன வீட்டுக்குள் அடுக்கிய கதைதான். மூக்குத் துவாரம் கீற்று மாதிரி இடுங்கியிருக்கும். மென் அண்ணம் நீண்டு, தடித்து, குரல்வளை வாசலில் திரை மாதிரி விழும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குழாயின் ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும் நிலையில் அதன் தடை இரண்டு மடங்கு ஆகாது. 16 மடங்கு ஆகும். இளநீர் ஸ்ட்ராவுக்குப் பதிலாக காபி கலக்கும் ஒல்லி ஸ்ட்ராவில் மூச்சு விட்டுப் பாருங்கள், புரியும். அந்தத் தடையை மீறி நாய் ஒவ்வொரு முறையும் பலமாக இழுக்கிறது. அந்த இழுவையில் குரல்வளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பைகள் வெளியே பிதுங்குகின்றன. பாதை இன்னும் குறுகுகிறது. இன்னும் பலமாக இழுக்கிறது.

இதே நிலை வருடக்கணக்கில் நீடித்தால், குரல்வளையின் குருத்தெலும்பே வலுவிழந்து உள்பக்கமாகச் சரியத் தொடங்கும். இந்தச் சரிவை மருத்துவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். பைகள் பிதுங்குவது முதல் நிலை. அடுத்த இரண்டும் குருத்தெலும்பு மடங்குவது. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்துவது, நீண்ட அண்ணத்தைக் கத்தரிப்பது, பிதுங்கிய பைகளை நீக்குவது போன்ற சிகிச்சைகள் ஆரம்பத்தில் நல்ல பலன் தரும். குருத்தெலும்பு சரிந்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புவது கடினம்.

"பக்னா அப்படித்தான்" என்ற வசனத்தின் ஆபத்து இதுதான். நாய் இளமையாக இருக்கும்போது, சரிசெய்யக்கூடிய கட்டத்தில், குறட்டையை இனத்தின் குணம் என்று விட்டுவிடுகிறோம். ஐந்தாறு வயதில் நாலு படி ஏறியதும் நாக்கு நீலமாகும்போது ஓடுகிறோம்.

சென்னை மாதிரியான ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். மூச்சுப்பாதையே குறுகல் என்றால், அந்த ஏசி சரியாக வேலை செய்யாது. அக்னி நட்சத்திர வெயிலில் தட்டை முக நாய்கள் சீக்கிரம் வெப்பத் தாக்கத்துக்கு ஆளாவதற்குக் காரணம் இதுவே. இந்த இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுப்பதும் மூச்சுத்திணறல் பயத்தால்தான்.

லாப்ரடாரின் குரல் மாறினால்...

தட்டை முகம் இல்லாத நாய்க்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படலாம். வயதான லாப்ரடார் நல்ல உதாரணம். கம்பீரமாகக் குரைத்த நாய், தொண்டை கட்டியது போல் குரைக்கிறது. வாக்கிங் போனால் கரகர சத்தம். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறது. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம்.

இது குரல்வளை முடக்கமாக இருக்கலாம். குரல்வளையின் இரண்டு பக்கமும் கதவு மாதிரி குருத்தெலும்புகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது தசைகள் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். நரம்பு பழுதானால் கதவு திறக்காது. எக்ஸ்ரேயில் இது தெரியாது. அசைவைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மயக்கம் ஆழமாகிவிட்டால் நல்ல குரல்வளைகூட அசையாது. அதனால் லேசான மயக்கத்தில், சில சமயம் மூச்சைத் தூண்டும் மருந்தும் கொடுத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஓர் உதவியாளர் நாயின் மார்பைக் கவனித்து, "இழுக்குது... விடுது..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏன் தெரியுமா? முடங்கிய கதவு, மூச்சு வெளியே வரும் காற்றின் வேகத்தில் தானாகத் திறந்துகொள்ளும். திரையை மட்டும் பார்த்தால் கதவு வேலை செய்வது போலவே தோன்றும். எந்த நேரத்தில் திறக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உறுதியானால், ஒரு பக்கக் கதவை நிரந்தரமாகத் திறந்தபடி தைத்துவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மூச்சு சீராகும். ஆனால், அந்தக் கதவு இனி முழுதாக மூடாது என்பதால் சாப்பாடோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பொமரேனியனின் 'வாத்து இருமல்'

நாயின் மூச்சுக்குழாயை 35-க்கும் மேற்பட்ட குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடிக்கின்றன. அவை முழு வட்டம் கிடையாது; குதிரை லாட வடிவத்தில், மேல்பக்கம் திறந்திருக்கும். அந்த இடைவெளியை ஒரு மெல்லிய தசைச் சவ்வு மூடியிருக்கும். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சின்ன இனங்களில் வளையங்கள் பலம் குறைந்து தட்டையாகி, சவ்வு உள்ளே தொங்கத் தொடங்குவதுண்டு. விருந்தாளி வந்த உற்சாகத்தில், கழுத்துப் பட்டையை இழுத்தால், இருமல் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கோப்பில் இதை நான்கு நிலைகளாக அளக்கிறார்கள். குழாயின் உள்வெளி கால்பங்கு குறைந்தால் முதல் நிலை. பாதி குறைந்தால் இரண்டு. முக்கால் பங்கு என்றால் மூன்று. ஏறத்தாழ முழுவதும் மூடினால் நான்கு. எவ்வளவு தூரத்துக்கு மடங்குகிறது, கழுத்திலா மார்புக்குள்ளா, கிளைக் குழாய்களும் மடங்குகின்றனவா என்பதும் தெரியும்.

சிகிச்சை பெரும்பாலும் சாதாரண விஷயங்களில் தொடங்கும். எடையைக் குறைப்பது, கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ், ஊதுபத்தி மற்றும் சிகரெட் புகையைத் தவிர்ப்பது, இருமலை அடக்கும் மருந்து. பல நாய்களுக்கு இதுவே போதும். மருந்துக்கும் அடங்காத நிலையில், குழாய்க்குள் வலைபோன்ற உலோக ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தால் பிரச்சினை முடிந்துவிடாது. இருமல் தொடரலாம், வலை உடையலாம், உள்ளே சதை வளரலாம். அதனால் அது கடைசிக் கட்ட வழி.

மூக்கில் ரத்தம்: ஸ்கோப்புக்கு முன் ரத்தப் பரிசோதனை

நாயின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்த நிலையில் மூக்குக்குள் ஸ்கோப்பை விட்டுச் சதை எடுத்தால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அதனால் தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் மூக்குப் பரிசோதனைக்குப் போகக் கூடாது.

ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், அடுத்தது ஸ்கோப். மூக்குக்குள் என்னவெல்லாம் இருக்கும்? கூரான புல் விதை ஒன்று போதும். ஒரு துவாரத்தில் மட்டும் திடீர்த் தும்மல், சளி, ரத்தம். ஓடைகளிலும் குட்டைகளிலும் தண்ணீர் குடிக்கும் நாய்களின் மூக்குக்குள் குட்டி அட்டை நுழைந்து, ரத்தம் குடித்துப் பெருத்து உள்ளேயே வாழ்வதுண்டு. தெற்காசியாவில் இதற்கென்றே பெயர்போன அட்டை இனம் இருக்கிறது. ஸ்கோப்பில் பார்த்து இடுக்கியால் பிடித்து இழுத்தால் அன்றைக்கே தீர்வு.

கட்டியாகவும் இருக்கலாம். கட்டி என்றதும் மனம் உடைய வேண்டாம். தெருநாய்கள் அதிகம் உள்ள நாடுகளில், நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் ஒரு வகைக் கட்டி உண்டு. பொதுவாக இனப்பெருக்க உறுப்பில் வரும் இது, முகர்ந்து பார்க்கும் பழக்கத்தால் மூக்கிலும் வரும். ஸ்கோப் வழியாக எடுத்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். வின்கிறிஸ்டின் என்ற ஊசியை வாராவாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் குணமாகின்றன. மூக்கில் வரும் மற்ற புற்றுநோய்களுக்கு இந்த நல்ல செய்தி பொருந்தாது. எந்தக் கட்டி என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதைவிட, ஒரு சதைத் துண்டு சொல்லும் பதில் மதிப்பானது.

பூனைகளுக்கும் உண்டா?

உண்டு. ஆனால் கூடுதல் கவனம் தேவை. பூனையின் காற்றுப்பாதை சின்னது. தொட்டாலே குரல்வளை இறுகிக்கொள்ளும். அதனால் முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஸ்ப்ரே செய்வார்கள். காற்றுப்பாதையை விரிக்கும் மருந்தையும் முன்கூட்டியே கொடுப்பதுண்டு.

இளம் பூனை குறட்டை விட்டால், மூக்குக்குப் பின்னால் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருக்கலாம். இது புற்றுநோய் கிடையாது. மென் அண்ணத்தைச் சற்று முன்னால் இழுத்துப் பார்த்தால் தெரியும். பல சமயம் பிடித்து இழுத்தே எடுத்துவிடுகிறார்கள். சில பூனைகளுக்குத் திரும்ப வளரும். தொடர்ந்து இருமும் பூனைக்கு ஆஸ்துமாவா, தொற்றா, ஒட்டுண்ணியா என்று பிரித்தறிய, ஸ்கோப் வழியாக எடுக்கும் நுரையீரல் கழுவல் உதவும்.

அந்த அறையில் என்ன நடக்கும்?

முந்தைய இரவிலிருந்து சாப்பாடு கூடாது. ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இதய ஸ்கேன் முன்பே முடிந்திருக்கும். மயக்கத்துக்கு முன் சில நிமிடங்கள் மாஸ்க் வழியாக ஆக்சிஜன். நாக்கில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

முதலில் குரல்வளையின் அசைவைப் பார்ப்பார்கள். மயக்கம் லேசாக இருக்கும்போதுதான் அதைப் பார்க்க முடியும். பிறகு ஸ்கோப் மூச்சுக்குழாயில் இறங்கும். பெரிய நாய் என்றால் ஆக்சிஜன் குழாய்க்குள்ளேயே ஸ்கோப்பை விடலாம். சின்ன நாய்க்கும் பூனைக்கும் இரண்டும் ஒன்றாக நுழைய இடம் இருக்காது. குழாயை எடுத்துவிட்டு, ஊசி மயக்கத்தில், பக்கவாட்டில் மெல்லிய டியூப் வழியாக ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் தான் டாக்டருக்கு டென்ஷனான நேரம். ஆக்சிஜன் இறங்கினால் ஸ்கோப்பை வெளியே எடுத்து, மூச்சு கொடுத்து, மறுபடி தொடங்குவார்கள்.

நுரையீரல் கழுவல் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு கிளைக்குள் சில மில்லி சுத்தமான உப்புநீரை விட்டு உடனே உறிஞ்சி எடுப்பது. எடுத்த திரவத்தின் மேல் நுரை கட்டினால் டாக்டருக்குத் திருப்தி. காற்றறை வரை போய் வந்த மாதிரி என்று அர்த்தம். அதிலிருக்கும் செல்களைப் பார்த்து, கிருமி வளர்த்துப் பார்த்து, எந்த மருந்து கேட்கும் என்று முடிவு செய்வார்கள்.

மயக்க ரிஸ்க்கை எப்படி எடைபோடுவது?

தட்டை முக நாய்களுக்கு ஆபத்தான நேரம், பரிசோதனை முடிந்து கண்விழிக்கும் கட்டம். தொண்டைச் சதை தளர்ந்திருக்கும். குழாயை எடுத்தவுடன் பாதை மூடிக்கொள்ளலாம். அதனால் நாயை நெஞ்சு தரையில் படும்படி படுக்கவைத்து, தலையை உயர்த்தி, அதுவே குழாயை வேண்டாம் என்று உதறும் வரை காத்திருப்பார்கள். விழித்த பிறகும் சில மணி நேரம் ஆள் கண்காணிப்பு வேண்டும்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. பரிசோதனையில் நீண்ட அண்ணம் உறுதியானால், அதே மயக்கத்தில் அறுவை சிகிச்சையையும் முடித்துவிடலாம். நாய்க்கு இரண்டு முறை மயக்கம் தேவையில்லை. ஆனால் அதற்கு உரிமையாளரின் சம்மதமும் அறுவை சிகிச்சை நிபுணரும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

எல்லா இருமலுக்கும் ஸ்கோப் வேண்டுமா? வேண்டாம். நாய் விடுதியில் விட்டு வந்த பிறகு வரும் தொற்று இருமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் சரியாகிவிடும். மூக்கால் படபடவென்று காற்றை உள்ளிழுக்கும் 'தலைகீழ்த் தும்மல்' எப்போதாவது வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இதய நோயால் வரும் இருமலுக்கு முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். குழாய்க்கு வெளியே இருந்து அழுத்தும் கட்டி, நுரையீரல் சதைக்குள் இருக்கும் நோய் ஆகியவை ஸ்கோப்புக்குத் தெரியாது, அதற்கு சி.டி. ஸ்கேன். மருந்துக்கு அடங்காத, திரும்பத் திரும்ப வரும், காரணம் புரியாத பிரச்சினை, அல்லது எதையோ உள்ளிழுத்துவிட்ட சந்தேகம். இங்கேதான் ஸ்கோப் தன் ரிஸ்க்குக்கு உரிய பலனைத் தரும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வசதி எல்லா கிளினிக்கிலும் இருக்காது. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் ஆகியவற்றோடு இணைந்த மருத்துவமனைகளிலோ, பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலோ முதலில் போன் செய்து விசாரிக்கலாம். போகும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• எந்த இடத்தைப் பார்க்கப் போகிறீர்கள்: மூக்கா, குரல்வளையா, மூச்சுக்குழாயா?
• ஸ்கோப் என் பிராணியின் அளவுக்குப் பொருந்துமா?
• மயக்கத்தை மட்டும் கவனிக்கத் தனி ஆள் இருப்பாரா?
• மாதிரி எடுப்பீர்களா? லேப் செலவு இந்தத் தொகையில் அடக்கமா?
• ரிசல்ட் எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். "மாறாது, இதே மருந்துதான்" என்றால், பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா என்று பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

போனை எடுங்கள். குறட்டை, இருமல், மூச்சிரைப்பு வரும்போது வீடியோ எடுங்கள். கிளினிக் போனதும் பெரும்பாலான நாய்கள் சமர்த்தாகிவிடும், இருமவே இருமாது. அப்போது அந்த வீடியோ கைகொடுக்கும்.

நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாயோ பூனையோ, நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

ஈறோ நாக்கோ நீலமாவது, மயங்கி விழுவது, கழுத்தை நீட்டி முழங்கையை விரித்துக்கொண்டு மூச்சு வாங்குவது, பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது: இவை எல்லாம் அவசரம். காலைவரை காத்திருக்கக் கூடாது.

குட்டி வாங்கும் முன்...

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் 2019 முதல் தட்டை முக நாய்களுக்கு ஒரு மூச்சுத் தேர்வு நடத்துகின்றன. மயக்கம், ஸ்கோப் எதுவும் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பில் மூச்சைக் கேட்டு, மூன்று நிமிடம் வேகநடை போடவைத்து, மறுபடி கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இனப்பெருக்கத்துக்கு எந்த நாய் தகுதி என்று முடிவுசெய்ய இது உதவுகிறது. நெதர்லாந்து இன்னும் ஒருபடி மேலே போய், மூக்கு மிகக் குட்டையான நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதையே கட்டுப்படுத்தியிருக்கிறது.

இங்கே குட்டி வாங்கும்போது விலையும் நிறமும் கேட்கிறோம். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, கீற்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சற்று நடந்த பிறகு அது மூச்சு விடும் சத்தத்தை நின்று கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் குறட்டை விடும் குட்டி இருந்தால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும் அன்றே மூக்கையும் தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வயதில் கேட்டால் டாக்டரிடம் சரிசெய்ய வழி இருக்கும். ஏழு வயதில் அவரிடம் இருக்கும் வழிகள் குறைவு.